மீண்டும் மீண்டும் வருவோர்

பணமில்லை என்பதற்காக, அவசர சிகிச்சைப் பிரிவை நாடி வரும் எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்று அமெரிக்காவின் கூட்டரசுச் சட்டம் 1986இல் மருத்துவமனைகளைப் பணித்தது. வந்தவரைப் பரிசோதிக்க வேண்டும். உயிருக்கு இடர் இருப்பின் அதை நீக்கி நிலைப்படுத்த வேண்டும். இரவும் பகலும் அடைபடாத அவ்வாயிலில் சிலரே ஓயாமல் வந்து நிற்கின்றனர் என்பது அங்கு நெடுநாளைய முறையீடு.

ஆண்டுக்கு நான்கு முறைக்குக் குறையாமல் வருவோரை ஆய்வாளர் பலர் இவ்வகையில் சேர்க்கின்றனர். 2010இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்றின்படி, நோயாளிகளில் 4.5 முதல் 8 விழுக்காட்டினரான இவர்களே மொத்த வருகைகளில் 21 முதல் 28 விழுக்காட்டுக்குக் காரணமாயினர். காப்பீடற்றவர், சளிக்கும் தலைவலிக்கும் ஓடிவருபவர் என்று இவர்களைப் பற்றிப் பரவியிருந்த எண்ணத்தை அதே தொகுப்பு பொய்யாக்கியது. பெரும்பாலோர் காப்பீடு பெற்றவர்கள். தமக்கென மருத்துவர் உடையோரும் பலர். மற்றவர்களைக் காட்டிலும் நோய் முற்றியவர்கள். உள்நோயாளிகளாகச் சேர்க்கப்படுவதும் அவர்களிடையே மிகுதி. நீரிழிவும் இதயத் தளர்ச்சியும் மனநோயும் மதுவும் ஒரே உடலைப் பற்றிக்கொள்வது இங்கே அரிதன்று. இன்னொன்றும் கருதத்தக்கது: ஓராண்டு இவ்வாறு வந்தவருள் பெரும்பாலோர் மறு ஆண்டு அப்படி வருவதில்லை. துன்பம் உச்சத்திலிருந்த காலத்தில்தான் அவர்கள் கணக்கில் விழுகின்றனர்.

இதை எண்ணாமல், 2011இல் வாஷிங்டன் மாநில அரசு ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டில் ஒரு வரம்பு கட்ட முனைந்தது. அவசரமல்லாதவை என்று நூற்றுக்கணக்கான நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்காக ஆண்டுக்கு மூன்று வருகைகளுக்கு மேல் பணம் தருவதில்லை என்றது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு அது மாரடைப்பா, செரிமானக் கோளாறா என்று வீட்டிலேயே எப்படித் தெரியும்? பரிசோதனைக்குப் பின் வந்த முடிவை வைத்துப் பரிசோதனைக்கு முன் எடுத்த முடிவைத் தண்டிப்பது நீதியாகாது. நீதிமன்றம் அவ்விதியைத் தடுத்தது. 2012இல் அரசு வேறு வழிக்கு வந்தது. மருத்துவமனைகள் நோயாளியின் விவரங்களைத் தம்முள் பகிர்ந்துகொள்ளவும், அடிக்கடி வருவோருக்குத் தனிச் சிகிச்சைத் திட்டம் வகுக்கவும் ஏற்பாடாயிற்று.

எனினும் பரிவுள்ள திட்டமும் தனியே போதாது என்பதை நியூ ஜெர்சியின் காம்டன் நகரம் காட்டியது. மருத்துவமனையில் திரும்பத் திரும்பச் சேர்க்கப்படும் நோயாளிகளின் வீடு தேடிச் செவிலியரும் சமூகப் பணியாளரும் சென்றனர், மருந்துகளை ஒழுங்குபடுத்தினர், மருத்துவரிடம் உடன் சென்றனர். நாடே புகழ்ந்த இம்முயற்சியை 800 நோயாளிகளிடம் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் பிரித்துச் சோதித்தனர். 2020இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதங்களுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டோர், உதவி பெற்றவருள் 62.3 விழுக்காடு, பெறாதவருள் 61.7 விழுக்காடு.

பரிவு வீண் என்று இதற்குப் பொருள் கொள்வோரை நாம் மறுக்கிறோம். வீடு திரும்பிய ஐந்து நாள்களுக்குள் பணியாளர் வருகையும், ஏழு நாள்களுக்குள் மருத்துவர் சந்திப்பும் என்ற குறிக்கோள், மூன்றில் ஒருவருக்குக்கூட நிறைவேறவில்லை. நிலையான உறைவிடமும் தொலைபேசியும் இல்லாதோரை எங்கே தேடுவது? மருத்துவரிடம் நேரம் ஒதுக்கீடு கிடைக்காதபோது உடன் செல்பவர்தாம் என்ன செய்வார்? வழிகாட்டிகள் இருந்தனர், சென்று சேர வேண்டிய இடம் போதுமானதாக இல்லை.

ஆகவே, அடிக்கடி வருவோரிடம் கூடுதல் கட்டணம் பெறலாம் என்னும் யோசனையை அரசுகள் முற்றாகக் கைவிட வேண்டும். மாலையிலும் விடுமுறை நாளிலும் திறந்திருக்கும் மருத்துவ நிலையங்கள், காத்திருப்பு இல்லாத மனநல, மதுமீட்புச் சிகிச்சை, மருத்துவமனையிலிருந்து வெளியேறுபவருக்கு உறைவிடம் ஆகிய மூன்றுக்கும் முதலில் நிதி ஒதுக்கட்டும். அவசர சிகிச்சைப் பிரிவின் வருகைப் பதிவேட்டை, எந்தத் தெருவில் எது இல்லை என்று அறிவதற்காக நகராட்சிகள் புரட்டிப் பார்க்கட்டும்.