கோச் இல்லாம கடல்ல நீந்தலாம், கயிறு பிடிக்க ஆள் இல்லாம நீந்தாதீங்க

நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

"டாக்டர், குளத்துல 3 கிலோமீட்டர் நிக்காம நீந்துறேன். அடுத்த வருஷம் தலைமன்னார்ல இருந்து அரிச்சல்முனைக்கு நீந்தணும். கோச் வைக்க வசதி இல்ல. நானே பிளான் போட்டுக்கலாமா?"

இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி. பயிற்சி அட்டவணையைத் தாராளமா நீங்களே போட்டுக்கலாம். ஆனா கடலுக்குள்ள உங்க உயிரை நீங்களே கண்காணிக்க முடியாது. இந்த ரெண்டையும் ஒண்ணா நினைக்கிறதுதான் சிக்கல்.

முதல்ல பிளான். தூரம் சுமார் 30 கிலோமீட்டர். 1966 ஏப்ரல்ல மிகிர் சென் இந்தக் கடலைக் கடக்க 25 மணி 36 நிமிஷம் ஆச்சு. 1994ல 12 வயசு குற்றாலீஸ்வரனுக்கு சுமார் 16 மணி நேரம். வித்தியாசத்துக்கு நீந்துறவரோட வேகம் மட்டும் காரணமில்லை, நீரோட்டமும்தான். மணிக்கு 3 கிலோமீட்டர் நீந்துறவரை 2 கிலோமீட்டர் வேக ஓட்டம் எதிர்த்தா, மிஞ்சுறது ஒரே ஒரு கிலோமீட்டர். அதனால கிலோமீட்டரை விட்டுட்டு மணிக்கணக்குல பிளான் போடுங்க.

இங்கிலீஷ் கால்வாய்க்குப் போறவங்க முன்னாடியே குளிர்ந்த நீர்ல 6 மணி நேரம் நீந்திக் காட்டணும்னு விதி இருக்கு. நம்ம ஊருக்கும் அது நல்ல அளவுகோல். கடல்ல 6 மணி நேரம் தெம்பா நீந்த முடியாத வரைக்கும் தேதி குறிக்காதீங்க. அந்த இடத்துக்கு மெதுவா ஏறுங்க, மூணு வாரம் கூட்டினா நாலாவது வாரம் குறைங்க. தோள்பட்டை ராத்திரி தூக்கத்துல வலிச்சா அது "பழகிடும்" வலி இல்ல.

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை தூத்துக்குடியில கச்சான் காத்து. கரையில நின்னா கடல் பெருசா மிரட்டாது. ஆனா காத்து உங்களைக் கரையில இருந்து உள்ளுக்குத் தள்ளும், திரும்பி வர்றப்பதான் தெரியும். அந்த மாசங்கள்ல குளமே போதும். துறைமுகக் கப்பல் பாதை பக்கம் எந்த மாசமும் வேண்டாம். வான் தீவு வரை நீந்திட்டு வரலாம்னு சில தம்பிங்க கேக்குறாங்க. அது தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம போகக்கூடாது.

இப்ப என் துறைக்கு வர்றேன். வெளிநாட்டு வீடியோக்கள்ல பாதி நேரம் குளிரைப் பத்தியே பேசுவாங்க. நமக்கு எதிரி சூடு. கோடையில மன்னார் வளைகுடாவுல பவளப்பாறையே வெளுத்துப்போற அளவுக்குத் தண்ணி சூடாகுது. 2010லயும் 2016லயும் நடந்துச்சு. வெதுவெதுப்பான தண்ணிக்குள்ள வியர்வை ஆவியாகாது, உடம்பு சூட்டை வெளிய தள்ள முடியாம திணறும்.

பிரான் கிரிப்பன்னு ஒரு அமெரிக்க வீரர். 26 வயசு, உலகத்தரம். 2010 அக்டோபர்ல அரபு அமீரகத்தின் புஜைராவுல 10 கிலோமீட்டர் போட்டியில, சூடான கடல்ல இறந்தார். அவர் வந்து சேரலைன்னு மத்தவங்க கரையேறின பிறகுதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் தண்ணி 31 டிகிரியைத் தாண்டினா போட்டி கூடாதுன்னு விதி வந்துச்சு. அவருக்குத் திறமையில குறையே இல்ல. அந்த நேரத்துல அவரைப் பார்த்துக்கிட்டு இருக்க ஒரு ஜோடிக் கண்ணுதான் இல்ல.

இது நம்ம கரைக்குப் புதுசில்லை. 1961ல கடைசி முத்துக்குளிப்பு நடந்த ஊர் இது. குளியாளி கல்லைக் கட்டிக்கிட்டு இறங்குவார், மேல படகுல ஒருத்தர் கயிறு பிடிச்சிருப்பார். அந்தக் கயிறை மச்சான் கையிலதான் கொடுப்பாங்கன்னு சொல்றது உண்டு. தங்கச்சி தாலி மேல அக்கறை இருக்கிறவன் கயிறை விடமாட்டான்ல!

உங்க பிளான்ல முதல் வரி அந்தக் கயிறுக்காரரா இருக்கணும். பயிற்சியிலயும் பக்கத்துல படகோ கயாக்கோ வேணும். அவர் நிமிஷத்துக்கு எத்தனை கைவீச்சுன்னு எண்ணணும். 60 இருந்தது 50க்கு இறங்கினா, திசை மாறி நீந்தினா, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாம பதில் வந்தா, உங்க சம்மதம் கேக்காம தூக்கணும். குழம்பின மூளை "நான் நல்லாத்தான் இருக்கேன்"னுதான் சொல்லும். இந்த அதிகாரத்தைக் கரையிலயே, நாலு பேர் முன்னாடி கொடுத்துடுங்க. மூச்சு வாங்கி இருமல்ல நுரை வந்தாலும் உடனே வெளியேத்தணும், அது நுரையீரல்ல நீர் கோக்குற அறிகுறி.

அரை மணிக்கு ஒருமுறை ஏதாவது உள்ள போகணும். வெறும் தண்ணியை மட்டும் மணிக்கணக்கா குடிச்சா ரத்தத்துல சோடியம் இறங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். விலை உயர்ந்த பவுடர் எதுக்கு? ஆரம்ப சுகாதார நிலையத்துல தர்ற ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர்ல கரைங்க, கூட கஞ்சி, வாழைப்பழம். எது வயித்துல தங்குதுன்னு பயிற்சியிலயே பார்த்துடுங்க. சொறி பட்டா தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, கடல் தண்ணியிலயே அலசுங்க.

35 வயசு தாண்டினவங்க பிபி, இசிஜி, எக்கோ பார்க்காம ஆரம்பிக்காதீங்க. 2024 ஏப்ரல்ல இதே பாக் நீரிணையில ரிலே நீந்தப் போன குழுவுல 78 வயசுக்காரர் ஒருத்தர் நெஞ்சுவலி வந்து இறந்தார். வயசானவங்க நீந்தக்கூடாதுன்னு சொல்ல வரலை, நானே பலரை நீந்தச் சொல்லி அனுப்புறவன்தான்.

ரெண்டு நாட்டு அனுமதி, கடலோரக் காவல்படை இதெல்லாம் மாசக்கணக்குல இழுக்கும், இப்பவே தொடங்குங்க. அதுக்கும் முன்னாடி, இந்த ஞாயித்துக்கிழமை அந்தக் கடலைத் தெரிஞ்ச ஒரு படகுக்காரரைப் போய்ப் பாருங்க. ஓட்டம் எப்ப மாறும்னு கேளுங்க. டீ நீங்க வாங்கிக் கொடுங்க.