சாத்தானின் படிக்கட்டில் ஏறுவோர் யார்?

மலைநாட்டுப் பாதைகளைச் செப்பனிடாதீர்கள் என்று கேட்கும் ஒரு கூட்டம் இந்நாட்டிலே தோன்றியிருக்கிறது. கேட்பவர் மலைநாட்டார் அல்லர். கொழும்பிலும் நீர்கொழும்பிலும், ஏன், நமது புத்தளத்திலும் சிலாபத்திலும் வாழ்பவர்கள். வெள்ளி மாலை அலுவல் முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் ஏறி, சனி ஞாயிறு இரு நாளும் மலையின் கரடுமுரடான தடங்களிலே பாய்ந்து திரிந்து, திங்கள் காலை மீண்டும் மேசைக்கு வந்துவிடுபவர்கள். சென்ற மாதம் நீதிமன்ற வளவிலே இளம் சட்டத்தரணி ஒருவர், "அந்தப் பாதைக்குத் தார் போட்டுவிட்டால் அதன் அழகே போய்விடும், சேர்" என்று நம்மிடம் மனம் வருந்திச் சொன்னார்.

அழகு போய்விடுமாம்! அவர் நல்ல பிள்ளை; தீய எண்ணம் எதுவும் இல்லாதவர். அதனாலேயே அச்சொல் நம்மை உறுத்திற்று. தீயவர் சொல்லியிருந்தால் அப்பொழுதே மறந்திருப்போம்.

இந்த விளையாட்டை நாம் பழிக்க வரவில்லை. சட்டக் கல்லூரி நாட்களில் பழைய ஹொண்டா ஒன்றிலே வண்ணாத்திவில்லுக் காட்டுப் பாதையில் ஓடி விழுந்தெழுந்த தழும்பு இன்றும் நமது முழங்காலில் இருக்கிறது. மலைத்தடத்துக்கென்றே செய்யப்பட்ட மோட்டார் சைக்கிளை ஒருமுறை உற்றுப் பார்த்தவர் அதன் அமைப்பை வியக்காமல் இருக்க மாட்டார். இயந்திரத்தின் அடிவயிறு தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். முன்னும் பின்னும் உள்ள அதிர்வு தாங்கிகள் நீண்டு சுருங்கும். டயரிலே தடித்த பற்கள் இருக்கும். சேற்றிலும் சரளையிலும் அவை கவ்விப் பிடிக்கும். இருக்கையிலிருந்து எழுந்து, மிதிபடியில் நின்றபடியே, உடலை முன்னே சாய்த்து ஏற்றத்தில் ஏறுவது உள்ளபடியே ஒரு வித்தைதான். அஞ்சாமை வேண்டும், நிதானம் அதைவிட வேண்டும்.

ஆனால், கற்பிட்டியின் சின்ன வெங்காயக்காரரும் நாள்தோறும் மணற்தடத்திலே மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார். பின்னே உரமூட்டை, முன்னே பிள்ளை, கைப்பிடியிலே மண்ணெண்ணெய்க் கலன். அவரை எவரும் வீரர் என்று படம் பிடிப்பதில்லை. தடம் அவருக்குச் சோதனையாக இருக்கிறது, சாதனையாக இல்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு வாசகர் மலைக்கு வரவேண்டும்.

கொழும்பு–மட்டக்களப்பு வீதியிலே, பலாங்கொடையைத் தாண்டி அப்புத்தளைக்குப் போகும் வழியில், களுபஹன என்றோர் ஊர் உண்டு. அங்கிருந்து பிரியும் பாதை, 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்த நீர்வீழ்ச்சியைக் கடந்து, உடவேரியத் தோட்டத்தின் ஊடாக, 1,700 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள ஒஹியவை அடைகிறது. பயணிகள் இதற்குச் சூட்டிய பெயர் 'சாத்தானின் படிக்கட்டு'. இதன் கல்லும் குழியும் செங்குத்தான வளைவுகளுமே இதற்குப் புகழ் தேடிக்கொடுத்தன. வெளிநாட்டாரையும் உள்நாட்டாரையும் அழைக்கும் விளம்பரங்கள் இப்பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்கின்றன.

பெயர் சூட்டியவர் ஒருமுறை ஏறியிருப்பார், இருமுறை ஏறியிருப்பார். தோட்டத்துப் பெண் எத்தனை முறை ஏறியிருப்பாள்? பிள்ளைக்குப் பாடசாலை, தாய்க்கு மருந்து, வீட்டுக்கு அரிசி, அடையாள அட்டைக்குக் கச்சேரி, அத்தனைக்கும் இத்தகைய பாதைகளே அவளுக்கு வழி. அவள் இதைச் சாத்தானின் படிக்கட்டு என்று சொல்வதில்லை. ரோட்டு என்றுதான் சொல்கிறாள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அமைப்பு வேலையாக அப்புத்தளைக்கு அப்பால் வேறொரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம்; அது ஒரு தோட்டத்தின் கதையன்று. மேட்டு லயத்திலிருந்து ஒரு முதியவரை நாற்காலியில் அமர்த்தி, இரு மூங்கிற் கழிகளில் கட்டி, நால்வர் சுமந்து இறங்கிக்கொண்டிருந்தனர். அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. 1990 என்ற எண்ணை அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் வண்டி வந்திருந்தது; ஆனால் அது தார் முடியும் இடத்திலே, மூன்று மைலுக்குக் கீழே நின்றது. கொழுந்து லொறியோ தொழிற்சாலைக்குப் போய்விட்டிருந்தது. அவ்வேளையிலே கீழிருந்து ஆறேழு மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு வந்தன. நியாயத்தைச் சொல்லவேண்டும்: பையன்கள் உடனே ஒதுங்கி, இயந்திரத்தை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி நின்றார்கள். ஒருவன் ஓடிவந்து கழிக்குத் தோள் கொடுத்தான். நாற்காலி வளைவைக் கடந்ததும் மீண்டும் ஏறிப் போனார்கள். மாலையிலே தேநீர்க் கடையில் அவர்களைக் கண்டோம். "இவ்வளவு மோசமான ரோட்டை எங்கேயும் கண்டதில்லை" என்று அவர்கள் முகமெல்லாம் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மகிழ்ச்சியை நாம் குற்றம் சொல்லவில்லை. அதற்கு மூலப்பொருளாக அமைந்த அநீதியைத்தான் சொல்கிறோம். நாற்காலியும் மோட்டார் சைக்கிளும் ஒரே பாதையில் சந்தித்தன. அந்தப் பாதை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கும் கடமை இரு சாராரில் எவருக்கும் இல்லை என்று ஆட்சியாளர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

தோட்டப் பாதை தனியார் சொத்து, அதில் அரசாங்கம் என்ன செய்ய முடியும் என்று கேட்பார் உளர். சட்டம் படித்தவர்களே இப்படிக் கேட்கும்போது நமக்குச் சினம் வருகிறது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களினால் பெருந்தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் போயிற்று; நிலம் போகவில்லை. கம்பெனி குத்தகைக்காரன், அரசே நிலச் சொந்தக்காரன். வாடகைக்கு விட்ட வீட்டின் படி இடிந்து, ஏறுபவன் கால் முறிந்தால், "எனக்கும் படிக்கும் சம்பந்தமில்லை" என்று வீட்டுக்காரன் நீதிமன்றத்திலே சொல்லித் தப்ப முடியுமா?

உள்ளூராட்சியின் கதை இதைவிடக் கசப்பு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று முப்பது ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். தோட்ட மக்கள் வாக்களித்து உறுப்பினர்களைச் சபைக்கு அனுப்பலாம். அனுப்பிய உறுப்பினர் அவர்களுடைய பாதையில் ஒரு கூடை கல் கொட்ட வழியில்லை! 1948இல் குடியுரிமையைப் பறித்தவர்கள், பின்னாளில் அதைத் துண்டுதுண்டாகத் திருப்பிக் கொடுத்தபோதும், பாதையை மட்டும் வேலிக்கு அப்பாலேயே வைத்தார்கள். 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. சபைக்கு அதிகாரம் வந்தது. அதிகாரத்துக்கு ஏற்ற பணம் வரவில்லை. சபையைக் கேட்டால் கம்பெனியைக் காட்டுகிறது. கம்பெனியைக் கேட்டால் தேயிலை விலையைக் காட்டுகிறது. மழை மட்டும் எவரையும் காட்டாமல் ஆண்டுதோறும் தவறாமல் வந்து, எஞ்சிய கல்லையும் உருட்டிக்கொண்டு போகிறது.

சுற்றுலாவினால் அங்குள்ளவர்களுக்கு நாலு காசு கிடைக்கிறதே என்பது மற்றொரு வாதம். கிடைக்கிறது, மறுக்கவில்லை. கடைக்காரி பிளேன்டீ விற்கிறாள். 2024 செப்டெம்பரிலே தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வெளிவந்தபோது, அதைப் பெரும் வெற்றியென்று மேடை போட்டு முழங்கினார்கள். மலைத்தட மோட்டார் சைக்கிள் ஒன்றின் ஒரு நாள் வாடகை அத்தொகையின் பன்மடங்கு. அந்த வாடகை கொழும்பிலே தங்குகிறது. தேநீரின் விலை மலையிலே தங்குகிறது. குழி இருந்த இடத்திலேயே தங்குகிறது.

குழி இருந்த இடத்திலேயே தங்குகிறது என்றோம். அதுவும் முழு உண்மையன்று. அது ஆழமாகிறது. தேயிலைச் சரிவிலே மழைநீரை வடிப்பதற்கென்று தொழிலாளர் கான் வெட்டி வைத்திருக்கிறார்கள். தடத்தை விட்டு விலகி மண் வரம்பிலே ஏறும் பற்டயர் ஒரு கோட்டைக் கீறிச் செல்கிறது. அடுத்த மழையில் நீர் கானை விட்டுவிட்டு அக்கோட்டைப் பிடிக்கிறது. மூன்று மழையில் கோடு வாய்க்காலாகிறது. ஹல்துமுல்லப் பகுதியைச் சேர்ந்த கொஸ்லந்த, மீரியபெத்தவிலே 29 ஒக்டோபர் 2014 அன்று காலையில் மலை சரிந்து லயங்களை மூடியதை எவரும் மறந்திருக்க முடியாது. அதற்கு மோட்டார் சைக்கிள் காரணமன்று. அப்படிச் சொல்வது பொய். ஆனால் அந்த மலைகளின் மண் எத்தகையது என்பதை அந்நாள் காட்டியது. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய வனப்பூங்கா. அங்கே புல்வெளியில் சக்கரம் இறங்கினால் சட்டம் வரும். மரைக்கும் புல்லுக்கும் உள்ள அந்தப் பாதுகாப்பை நாம் வரவேற்கிறோம். பூங்காவின் எல்லைக்கு வெளியே, ஒரு கூப்பிடு தொலைவில், மனிதர் நடக்கும் ஒற்றையடிப் பாதைக்கு அது ஏன் இல்லை?

இனி, அழகு என்னும் வாதம். லடாக்கிலே, சிசும்லே என்னும் இடத்தையும் டெம்சொக்கையும் இணைத்து, 19,024 அடி உயரமுள்ள உம்லிங் லா கணவாயின் வழியாக இந்திய எல்லைப்புற வீதி நிறுவனம் 52 கிலோமீற்றர் நீளத்துக்குத் தார் வீதி அமைத்தது. 2021இல் அது உலகிலேயே மிக உயரத்தில் மோட்டார் வண்டி ஓடும் வீதி என்று சாதனைப் புத்தகத்தில் ஏறியது. தார் போட்டதனால் அங்கே வீரம் செத்துப்போயிற்றா? சென்னையிலே தமிழ்த் தொழிலாளர் கை படப் பொருத்திய என்பீல்ட் வண்டிகளில் ஏறிக்கொண்டு, அந்த வீதியிலே மூச்சுத் திணறித் திணறி உச்சியைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மலை உயரமாக இருப்பது போதும். நோயாளி நாற்காலியில் போகவேண்டும் என்பதில்லை. கரடுமுரடு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு, மக்கள் குடியிராத சரிவுகளிலே, சூழல் ஆய்வு செய்து, அனுமதி பெற்று, தனித்தடம் வகுத்துக் கொடுக்கலாம். அதற்கும் நாமே முதலில் கையொப்பமிடுவோம்.

புத்தளக் கரையில் இருந்துகொண்டு மலையைப் பற்றி உங்களுக்கென்ன என்று வாசகர் சிலர் எண்ணலாம். நமது கரை இதே நாடகத்தை வேறு உடையிலே பார்த்த கரையல்லவா? கற்பிட்டியின் 14 தீவுகளைச் சுற்றுலாத் திட்டமொன்றுக்குள் அடக்க முற்பட்டபோது, தமது வாடியும் கரையும் பறிபோகுமோ என்று மீனவர் எழுந்து நின்றார்கள். மே முதல் ஒக்டோபர் வரை வீசும் காற்று, படகுக்காரருக்குத் தொழில் முடக்கும் காற்று. பட்டம் கட்டிக்கொண்டு நீர்மேல் சறுக்க வருபவர்களுக்கு அதுவே திருவிழா. ஒருவருடைய இடர் மற்றொருவருடைய விளையாட்டாவது நமக்குப் புதிதன்று.

மேலும், 2025 நொவெம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. கலா ஓயா பெருகி, ஒரு பேருந்தையே வளைத்துக்கொண்டது. அறுபதுக்கும் மேற்பட்ட பயணிகள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு மீட்போருக்காகக் காத்திருந்தனர். தெதுறு ஓயா சிலாபத்தை மூழ்கடித்தது. வழி அறுந்தால் என்ன ஆகும் என்பதை நமது மக்கள் அச்சில நாட்களில் அறிந்தார்கள். அதே நாட்களில் பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் மலைகள் சரிந்தன; நாடு முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நமது வழி திரும்பத் திறந்தது. நாற்காலி கட்டிச் சுமப்பவர்களின் வழியோ சூறாவளிக்கு முன்பும் திறந்திருக்கவில்லை.

நமக்கு வடக்கே தலைமன்னாரில் இறங்கி, காட்டுத்தடத்திலே மாத்தளை வரை நடந்தவர்களின் பேரர்கள் இவர்கள். அந்நடையின் 200ஆம் ஆண்டை நினைந்து 2023இல் அதே வழியில் பலர் நடந்தபோது, நம்மவரும் கூட நடந்தார்கள். நடந்தது போதும். இப்பொழுது எழுதவேண்டும்.

2025 மே மாதத்தில் தெரிவான பிரதேச சபைகள் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி, இந்நாட்டின் எந்தக் குடிமகனும் எந்தச் சபையையும் கேட்கலாம். முந்தலில் இருப்பவர் மலைச் சபையைக் கேட்கலாம், ஏன் கேட்கிறீர் என்று திருப்பிக் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை, தமிழிலேயே எழுதலாம், 14 வேலைநாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்லவேண்டும். கேள்விகள் மூன்றுதான். 2018 முதல் இன்றுவரை உமது சபை பொறுப்பேற்ற தோட்டப் பாதைகள் எவை? அவற்றுக்காகச் செலவிட்ட பணம் எவ்வளவு? அம்புலன்ஸ் ஏற முடியாத பாதைகளின் பட்டியல் உம்மிடம் உண்டா?

புத்தளம், சிலாபம் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் தமிழ் பேசும் சட்டத்தரணிகள் ஆளுக்கு ஒரு சபையை எடுத்துக்கொள்ளக் கேட்கிறோம். மலைத்தடத்திலே வண்டி ஓட்டும் இளைஞர் ஆளுக்கு ஒரு பாதையை எடுத்துக்கொள்ளட்டும்: எங்கே தார் முடிகிறது, எத்தனை மைல், எத்தனை லயம், எந்தக் கம்பெனி. இவை எந்தக் கச்சேரிக் கோப்பைக் காட்டிலும் அவர்களுடைய கைப்பேசிப் படங்களில் துலக்கமாக இருக்கின்றன. அழகு போய்விடும் என்ற நமது இளம் சட்டத்தரணியிடம் நேற்று இதைச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, தம்மிடமுள்ள படங்களைக் கொண்டுவருவதாகச் சொன்னார். முதல் விண்ணப்பம் ஹல்துமுல்லப் பிரதேச சபைக்கு. எழுதி முடித்துவிட்டோம், திங்கட்கிழமை பதிவுத் தபாலிலே போகிறது.