தியாகதுருகத்தில் பத்து நிமிடம்

சென்னைக்கு வழி கேட்டால் நம் சிற்றூர்களில் உடனே விடை கிடைக்கும். ரிஷிவந்தியத்தில் நின்றுகொண்டு சங்கராபுரத்திற்கோ மணலூர்ப்பேட்டைக்கோ வழி கேட்டால், சொல்பவர் சற்றே யோசிப்பார். எங்கே இறங்கி மாறுவது, அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அந்த யோசனைக்குள் அடக்கம்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. இப்பகுதிக்குத் தலைநகராகக் கடலூர் இருந்தது. 1993-இல் விழுப்புரம் ஆயிற்று. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. பேருந்துத் தடங்கள் பெரும்பாலும் தலைநகரை நோக்கியே வளர்ந்தன. அருகருகே உள்ள ஊர்களை ஒன்றோடொன்று கோப்பது எவருடைய முதல் கவலையாகவும் இருக்கவில்லை.

இரயிலின் கதையும் வேறன்று. சின்னசேலத்திற்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையே வெறும் 16 கி.மீ. பாதைக்கு 2006-07-இல் ஒப்புதல் கிடைத்தது; அதன்பின் அது ஆண்டுக்கணக்கில் தேங்கியது. புதிய பாதை வரட்டும், வரவேற்போம். ஆனால் நாம் கேட்பது அதைவிட மலிவான ஒன்று: ஒரு பேருந்து இன்னொரு பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டும். திருக்கோவிலூரிலிருந்து ரிஷிவந்தியம் வழியாக வரும் வண்டி தியாகதுருகத்தை அடையும் நேரத்தில் கள்ளக்குறிச்சி வண்டி அங்கே பத்து நிமிடம் நின்றால், எண்ணிக்கையில் ஒரு பேருந்தும் கூடாமலே பயணம் சுருங்கிவிடும். சுவிட்சர்லாந்தில் 1982 முதல் இரயில்களை இப்படிச் சீரான இடைவெளி நேரங்களில் இயக்கி, சந்திப்பு நிலையங்களில் ஒன்றையொன்று காணச் செய்தார்கள். மலைக் கிராமங்களுக்குப் போகும் மஞ்சள் அஞ்சல் பேருந்தும் அந்த இரயிலை ஒட்டியே புறப்படுகிறது. அது செல்வந்த நாடு என்பார்கள். காத்திருப்பதற்குச் செல்வம் எதற்கு?

இங்கே தடை வேறிடத்தில் இருக்கிறது. தனியார் பேருந்தின் ஒவ்வொரு நிமிடமும் அனுமதிச் சீட்டோடு கட்டுண்டது. நேரத்தை நிர்ணயிக்கும் கூட்டங்களில் உரிமையாளர்கள் தத்தம் நேரத்திற்காக வாதாடுகிறார்கள். பயணியின் குரல் அங்கே ஒலிப்பது அரிது. 2025 ஜூனில் தொடங்கிய புதிய சிற்றுந்துத் திட்டத்திலும், தடத்தில் 65 விழுக்காடாவது பேருந்து வசதி இல்லாததாக இருக்க வேண்டும் என்பது விதி. குக்கிராமங்களுக்கு நல்லதுதான். ஆனால் நாளுக்கு ஓரிரு முறை பேருந்து வரும் சாலையும் கணக்கில் 'வசதி உள்ள' சாலையாகிவிடுகிறதே! 2021 மே மாதம் வந்த மகளிர் கட்டணமில்லாப் பயணம் பெரிய காரியம், ஐயமில்லை. ஆயினும் அது சாதாரண நகரப் பேருந்துகளுக்கு உரியது. இரண்டு ஊர்களுக்கிடையே புறநகர்ப் பேருந்து மட்டுமே ஓடும் நேரத்தில் அவள் பணம் எடுத்தாக வேண்டும்.

1896-இல் மதுரையிலிருந்து அண்ணாமலைக்குப் புறப்பட்ட வேங்கடராமன் என்னும் இளைஞர், பின்னாளின் ரமண மகரிஷி, விழுப்புரத்தில் கையிருப்பு கரைந்து, மாம்பழப்பட்டு வரை மட்டுமே சீட்டு வாங்கினார். அங்கிருந்து அறையணிநல்லூருக்கு நடந்தார். திருக்கோவிலூர்க் கீழூரில் கடுக்கனை அடகு வைத்த பிறகே மீண்டும் இரயிலேற முடிந்தது. பக்தர்களுக்கு அது புனித யாத்திரை. மாலை வண்டியைத் தவறவிட்ட கல்லூரி மாணவிக்கு அவ்வாறு எண்ணிக்கொள்ள வழியில்லை.

மலைமேல் நிலை இன்னும் கடினம். வெள்ளிமலை கள்ளக்குறிச்சி மாவட்டத்தில். கருமந்துறை சேலம் மாவட்டத்தில். மலை ஒன்று, கோட்டங்கள் இரண்டு. 2024-இல் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்த பிறகே இவர்களைப் பற்றி வெளியே பலரும் பேசத் தொடங்கினர்.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கள்ளக்குறிச்சியில் புத்தகத் திருவிழா நடக்கிறது. நல்ல பேச்சாளரை வழக்கம்போல் இரவில்தான் மேடையேற்றுவார்கள். ரிஷிவந்தியத்து வாசகரோ கடைசிப் பேருந்தை நினைத்துப் பாதி உரையில் எழுந்து போவார். விழாக் குழுவினரும் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரும் ஒருமுறை அமர்ந்து பேசி, விழா நாட்களிலேனும் அந்தக் கடைசி வண்டியை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கட்டும். தியாகதுருகத்துப் பத்து நிமிடத்தைப் பிறகு கேட்டுக்கொள்வோம்.