டொமைன் யார் பெயரில்?



வீட்டில் இருந்தபடியே வெப்சைட் செய்து கொடுக்கும் தம்பி தங்கைகள் இன்று சின்ன ஊர்களிலும் இருக்கிறார்கள். வேலை தருபவர்களும் பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான்: ஜவுளிக்கடை, பல் மருத்துவமனை, டியூஷன் சென்டர். “அட்வான்ஸ் போட்டுட்டேன் தம்பி, ஆரம்பிச்சிடுங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். ஆனால் வெப்சைட்டுக்கு அது போதாது.

பதிப்புரிமைச் சட்டம் (1957) கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்திருக்கிறது. சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதும் கோட் முதலாளிக்குச் சொந்தம். தனியாக வேலை எடுத்துச் செய்பவர் எழுதியது, முழுப் பணமும் வாங்கிய பிறகும், எழுதியவருக்கே சொந்தம். எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். அதிலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். கடைக்காரருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? தெரிந்தவர் முன்கூட்டியே சொல்லி, எழுதியும் கொடுத்துவிடுவதுதான் முறை.

அதைவிடப் பெரிய தலைவலி டொமைன். அவசரத்தில் தம்பி தன் மெயில் ஐடியிலேயே பதிவு செய்துவிடுகிறார். பிறகு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். ரினீவல் மெயில்கள் யாரும் திறக்காத அந்த இன்பாக்ஸுக்கே வந்து குவிகின்றன. டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதையும் தவறவிட்டால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த பெயர் அது! முதல் நாளே கிளையண்ட் பெயரில், கிளையண்ட் மெயிலில் பதிவு செய்யுங்கள். கிளையண்டின் தகவல்களிலும் இதே கவனம் வேண்டும்: மருத்துவமனை நோயாளிகளின் போன் நம்பர்கள் உங்கள் லேப்டாப்பில் இருந்தால், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

பாக்கி வராத கோபத்தில் சைட்டையே முடக்கிவிடுபவர்களும் உண்டு. உழைத்த காசு கைக்கு வராத வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம். உரியவர் அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது, தகவலை அழிப்பது, அவரையே உள்ளே விடாமல் தடுப்பது எல்லாம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் (2000) 43-ஆவது பிரிவில் வருகின்றன. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்ததாக நிரூபணமானால் 66-ஆவது பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை. நியாயமாகப் பணம் கேட்கப் போனவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கலாமா?

நேர்வழி இருக்கிறது. உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி (2006), நீங்கள் முடித்துக் கொடுத்த வேலையை ஏற்றுக்கொண்ட கிளையண்ட் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. மாநில அரசின் வசதியாக்க மன்றத்தில் மனு கொடுக்கலாம். ஆனால் பதிவை, வேலையில் கை வைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்