காலையில் பார்த்தால் நோயில்லை

குடித்துவிட்டு வருகிறேனாம்! சாயங்காலம் புதுச்சேரி நேரு வீதியில் நான் நடந்தால் அப்படித்தான் பேசுகிறார்கள். இமை தொங்கும், நாக்கு குழறும், கால் தடுமாறும். வெளியூர்க்காரன் குடிப்பதற்கென்றே வந்து இறங்குகிற ஊரில், இருபத்து நான்கு வயசுப் பையன் தள்ளாடினால் வேறென்ன நினைப்பார்கள்? ஒரு சொட்டு தொட்டதில்லை நான்.

எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தால் எனக்கு இரண்டு வரும். எதற்கு ஒதுங்குவது? ஒரு கண்ணை மூடினால் போலி ஸ்கூட்டர் மறைந்துவிடும். அப்படி மூடிக்கொண்டு நடந்ததற்கும் வந்தது வினை. பெண்பிள்ளையைப் பார்த்துக் கண்ணடித்தேன் என்று மிஷன் வீதியில் சட்டையைப் பிடித்தார்கள். எனக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் என்று அங்கே யாரிடம் சொல்ல?

நரம்பு அனுப்பும் அசிடைல்கோலினை வாங்கிக்கொள்ளத் தசையில் இருக்கும் ஏற்பிகளை, என்னைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அடித்து நொறுக்குகிறது. தூங்கி எழுந்தால் தெம்பு இருக்கும். உழைக்க உழைக்க வடிந்துவிடும். காலையில் நான் நல்ல பிள்ளை, பொழுது சாய்ந்தால் நோயாளி.

வயிறு எரிவது இங்கேதான். ஓ.பி. நடப்பது எப்போது? காலையில்! டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்றார் ஒருவர். இன்னொருவர் கண்ணாடியை மாற்றினார். "செல்போனைக் குறை" என்று ஒருவர். "எல்லாம் மனசுதான், ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்க" என்று அம்மாவிடம் சொன்னவரும் உண்டு. ஒரு நிமிஷம் விடாமல் மேலே பார்க்கச் சொல்லியிருந்தால் இமை தானாக இறங்கியிருக்கும். மூடிய இமைமேல் இரண்டு நிமிஷம் ஐஸ் வைத்திருந்தால் ஏறியிருக்கும். இதற்கு ஸ்கேனா வேண்டும்? 1823-லேயே பிரெஞ்சுக்காரன் மருத்துவப் பள்ளி திறந்த ஊரில் டாக்டருக்கா பஞ்சம்!

கடைசியில் ஒருவழியாக நோய்க்குப் பேர் தெரிந்தது. பைரிடோஸ்டிக்மின் போட்டால் இமை ஏறுகிறது, கூடவே வயிற்றைப் பிசைகிறது. மூணு நாலு மணி நேரத்தில் பழைய கதை. இரட்டைப் பார்வை மட்டும் அதற்கு மசியவேயில்லை. ஸ்டீராய்டு கொடுத்தார்கள், முகம் ஊதிப்போனது. "தேறிட்டியே தம்பி" என்று கன்னத்தைக் கிள்ளுகிறாள் அத்தை. அசாதியோபிரின் வேலை காட்ட மாதக்கணக்காகுமாம். தைமஸ் சுரப்பியை எடுத்தால் பலன் உண்டு என்று 2016-ல் வந்த சர்வதேச ஆய்வு சொல்கிறது. எனக்கு எடுக்கலாமா என்று கேட்டால், "பார்க்கலாம்". அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

காய்ச்சலுக்குப் போன இடத்தில்தான் உயிர் போகப் பார்த்தது. "இந்த நோய் இருக்கு சார், சில ஆன்டிபயாடிக் ஆகாது" என்று பழைய சீட்டை நீட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் லிவோஃபிளாக்சசின் எழுதினார். எங்கள் நோய்க்காரர்களுக்கு அந்த வகை மருந்து ஆகாது என்று அமெரிக்காவில் 2011-லேயே கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்கள். அன்று ராத்திரி எச்சில் விழுங்க முடியவில்லை; படுத்தால் மூச்சு முட்டுகிறது. பிறகு போய்க் கேட்டதற்கு, "நெட்டுல படிச்சிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்காதே" என்கிறார்.

"அமிதாப் பச்சனுக்கே வந்ததுதானே, அவர் நடிக்கலையா?" என்று ஆறுதல் வேறு. அவருக்குக் கார்க் கதவைத் திறந்துவிட ஆள் உண்டு. எனக்கு டவுன் பஸ் படி இரண்டாகத் தெரிகிறது. 21 வகை இயலாமைகளைப் பட்டியலிட்ட 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் என் நோயின் பேரே இல்லை. சான்றிதழ் கேட்டுப் போனால் அங்கேயும் காலை பத்து மணிக்குத்தான் பார்க்கிறார்கள். "ஆள் நல்லாத்தானே இருக்கான்!"

சாயங்காலம் ஆறு மணிக்கு வாருங்கள் ஐயா. பேனாவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.