குற்றப்பத்திரிகை இல்லாத தண்டனை

1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். முங்கேரும் முசாபர்பூரும் இடிபாடாகக் கிடந்தன. ஒன்பது நாள் கழித்துத் திருநெல்வேலியில் பேசிய காந்தி, தீண்டாமை என்னும் பாவத்துக்காகக் கடவுள் நமக்கு அனுப்பிய தண்டனை இது என்றார். தீண்டாமை ஒழிப்புக்காக அவர் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த நேரம் அது. நோக்கத்தில் குறை காண முடியாது. சொன்னது தவறு. தீண்டாமை எதிர்ப்பில் அவரோடு நின்ற தாகூரே அதைப் பகிரங்கமாக மறுத்தார். இயற்கையின் பேரழிவுக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்றார். தண்டனை என்ற வாதத்தைக் காந்தியின் எதிரிகள் அவர் மேலேயே திருப்பிவிடலாம் என்றும் எழுதினார். அந்த மறுப்பைக் காந்தி தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் இமயமலைக்கு அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. அதனால் சேர்ந்த அழுத்தம்தான் அன்று நிலநடுக்கமாக வெடித்தது. சீதாமடி, மதுபனி, பூர்ணியா பக்கம் வண்டல் மண் தண்ணீரோடு சேர்ந்து குழைந்து, கட்டடங்கள் சாய்ந்தன, புதைந்தன. அந்த மண் யாருடைய சாதியையும் கேட்கவில்லை. ஒதுக்கிவைத்தவனும் செத்தான், ஒதுக்கப்பட்டவனும் செத்தான். யார் பாவத்துக்கு யார் தண்டனை அனுபவித்தார்கள்?

காந்தியைச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது வேளாங்கண்ணி பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. மாதா காப்பாற்றினாள் என்று உருகினோம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அதே மாதாவை நம்பி வந்து கடற்கரையில் நின்ற யாத்ரீகர்கள் நூற்றுக்கணக்கில் அடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களை அவள் ஏன் கைவிட்டாள் என்று கேட்டால், 'அவங்கவங்க செஞ்ச வினை' என்கிறோம். கடவுளின் பெயர் கெடாமல் இருக்கச் செத்தவர்களின் பெயரைக் கெடுக்கிறோம். இது பக்தியா?

ஓர் அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி அறை வாசலில் ஒரு தாய் ஆறு வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். பிறக்கும்போது மூளைக்குப் போதிய ஆக்சிஜன் போகாததால் கை கால் இறுகிப்போன பிள்ளை. பக்கத்தில் நின்ற பெரியம்மா ஒருவர் இரக்கத்தோடுதான் பேசினார்: "எந்த ஜென்மத்துல பண்ணுன பாவமோ தாயி, புள்ள இப்படி அனுபவிக்குது." அந்தத் தாய் பதில் சொல்லவில்லை. பிள்ளையின் வாயில் வழிந்த எச்சிலைத் துண்டால் துடைத்தாள். துண்டின் ஈரமில்லாத முனையைத் தேடி எடுத்து மறுபடியும் துடைத்தாள். ஆறு வயதுப் பிள்ளை முற்பிறவியில் பெரும் பாவியாக இருந்திருப்பான் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டோம் என்பது அந்தப் பெரியம்மாவுக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு இப்படிப் பேசக் கற்றுக்கொடுத்த நம்பிக்கை மேல்தான் கோபம்.

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் பெரிய தத்துவம் உண்டு என்பார்கள். உண்டுதான். உலகில் இத்தனை ஏற்றத்தாழ்வும் கொடுமையும் இருப்பதால் இறைவன் பட்சபாதமுள்ளவன், இரக்கமற்றவன் என்று ஆகாதா என்ற கேள்வியைப் பிரம்ம சூத்திரம் 2.1.34 நேரடியாக எடுத்துக்கொள்கிறது. உயிர்களின் வினைக்கேற்ப அளிப்பதால் ஆகாது என்கிறது. அப்படியானால் முதல் ஏற்றத்தாழ்வு எந்த வினையால் வந்தது? அடுத்த சூத்திரம் பதில் சொல்கிறது: பிறவிச் சுழற்சிக்குத் தொடக்கமே இல்லை. இது விடையாகாது. கேள்வியை முந்தின பிறவிக்கும், அதற்கு முந்தினதற்குமாகத் தள்ளிக்கொண்டே போவதுதான் நடக்கிறது. அது போகட்டும். செய்த குற்றம் நினைவில்லாதவனைத் தண்டிப்பதில் என்ன நீதி இருக்கிறது? ஒருவரைக் கைது செய்தால் காரணத்தை அவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. சாதாரணக் காவல் நிலையத்திடம் எதிர்பார்க்கும் நேர்மையைக் கடவுளிடம் எதிர்பார்க்கக் கூடாதா?

இதைக் கேட்பவன் நாத்திகனாக இருக்க வேண்டியதில்லை. பைபிளில் யோபுவின் நண்பர்கள், நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இத்தனை துன்பம் என்று அவனிடம் பக்கம் பக்கமாக வாதாடுகிறார்கள். முடிவில் கடவுள் கோபிப்பது அந்த நண்பர்களிடம்தான். பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா, பெற்றவர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு.

விதி என்று நினைத்தால் மனசு ஆறுமே என்பார்கள். துன்பப்படுகிறவர் தன்னைத்தானே அப்படித் தேற்றிக்கொண்டால் அதைப் பிடுங்க எனக்கு உரிமையில்லை. பக்கத்தில் நிற்பவர் அதைச் சொல்லும்போதுதான் தீர்ப்பாகிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு உண்மையான குற்றவாளிகளைத் தப்பவும் விடுகிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் மதிய உணவுச் சமையல் தீ பள்ளியின் கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகள் கருகினார்கள். அன்றும் விதி என்று சொன்னவர்கள் இருந்தார்கள். விதி கீற்று வேயவில்லை, அந்தக் கட்டடத்தில் பள்ளி நடத்த அனுமதிக் கையெழுத்தும் போடவில்லை. அதையெல்லாம் செய்தவர்களுக்குப் பெயரும் முகவரியும் இருந்தன. அவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்ததால்தான் வழக்கு நடந்தது. பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றச் சொல்லி உத்தரவும் வந்தது.