எல்லாரும் பாடட்டும்

“நீ வாயை மட்டும் அசை, தம்பி. சத்தம் வரவேண்டாம்.”

ஒன்பது வயது மாணவன் ஒருவனிடம் நான் இப்படிச் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை; தோளில் கைவைத்து, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவனும் “சரிங்க ஐயா” என்று தலையாட்டினான். இசையாசிரியராக நான் பணியாற்றிய முதல் ஆண்டில் எத்தனையோ பிழைகள் செய்திருக்கிறேன். அவற்றில் இன்றுவரை என் நெஞ்சை உறுத்துவது இந்த ஒன்றுதான்.

தொடக்கப்பள்ளி இசை வகுப்பில் எந்தக் குழந்தையையும் “பாடாதே” என்று சொல்லும் உரிமை ஆசிரியருக்கு இல்லை என்பது என் கருத்து. நீங்கள் தொடக்கப்பள்ளியைக் கடந்து இடைநிலைப்பள்ளிக்கு வந்தவர்கள். உங்களுள் சிலரும் இப்படி ஒரு சொல்லைக் கேட்டிருக்கலாம்; கேட்ட நாளிலிருந்து “எனக்குப் பாட வராது” என்று முடிவு செய்திருக்கலாம். அந்த முடிவு சரிதானா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஆசிரியர் கல்விக் கழகத்தில் நான் தமிழ்மொழியை முதன்மைப் பாடமாகவும் இசையைத் துணைப்பாடமாகவும் பயின்றேன். கெடா மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய தமிழ்ப்பள்ளிக்குப் பணியமர்த்தப்பட்டேன். பள்ளியில் இசை படித்தவர் என்று வேறு யாரும் இல்லை. ஆகவே, ஆறு ஆண்டு மாணவர்களுக்கும் இசைப் பாடம் என் பொறுப்பாயிற்று. ஒரு வகுப்புக்கு வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை, அதுவும் 30 நிமிடம். மாணவர்கள் வரிசையாக வந்து அமர்வதற்கே ஐந்து நிமிடம் போய்விடும்.

நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ரெக்கோடர் கற்பித்த முதல் நாளை மறக்க முடியாது. முதலில் இடக்கை விரல்களால் வாசிக்கும் மூன்று சுரங்களைக் கற்பிக்க வேண்டும் என்று குறிப்பேட்டில் அழகாக எழுதி வைத்திருந்தேன். துளைகளை விரல் நுனியால் மூடக்கூடாது, விரலின் சதைப்பகுதியால் மூடவேண்டும், மெதுவாக ஊத வேண்டும் என்றெல்லாம் விளக்குவதற்கு முன்பே இருபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக ஊதிவிட்டார்கள். அடுத்த வகுப்பறையிலிருந்து மூத்த ஆசிரியை ஒருவர் எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, உள்ளே ரயிலா ஓடுகிறது?” என்று கேட்டுவிட்டுப் போனார். மாணவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வராத குறைதான்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களோ மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். கோயில் திருவிழாவில் கேட்ட உறுமி மேளத்தின் தாளம் அவர்களின் கைகளில் எந்நேரமும் இருந்தது. வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர்களுடைய பென்சில்களைப் பறித்து வைத்தேன். தாளம் தவறாமல் தட்டும் பிள்ளைகளிடமிருந்து பென்சிலைப் பறித்துவிட்டுத் தாளம் என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிய அறிவாளி நான்!

இத்தகைய தடுமாற்றங்கள் புதிய ஆசிரியர் எவருக்கும் உண்டு. அவை காலப்போக்கில் சரியாகிவிடும். ஆசிரியர் தினத்திற்காக நான் அமைத்த பாடற்குழுவின் கதை அப்படிப்பட்டதன்று.

மே 16-ஆம் நாள் ஆசிரியர் தினம். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அனைவரும் சேர்ந்து ஒரு பாடலைப் பாடுவதாக ஏற்பாடு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் வருவார்கள். புதிய ஆசிரியரின் முதல் நிகழ்ச்சி என்பதால் எல்லாரும் என்னையே பார்ப்பார்கள் என்ற பயம் எனக்கு. பயிற்சியில் ஒரு குரல் மட்டும் தனியாகத் தெரிந்தது. மற்றவர்கள் மேலே பாட, ஒரு மாணவன் மட்டும் அடித்தொண்டையில் முனகுவதுபோல் பாடினான். இரண்டு நாள் திருத்திப் பார்த்தேன். முடியவில்லை. மூன்றாம் நாள் அவனை வாயசைக்கச் சொன்னேன். நிகழ்ச்சி நன்றாக நடந்தது. பாராட்டும் கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை சபைகூடலில் மூன்றாம் ஆண்டு வரிசைக்கு அருகில் நின்றுகொண்டிருந்தேன். நெகாராகூ பாடப்பட்டது. அந்த மாணவன் நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லுக்கும் உதடுகளைச் சரியாக அசைத்தான். சத்தம் வரவில்லை. அடுத்துப் பள்ளிப்பண். அப்போதும் அப்படியே. “ஆசிரியர் தினம் முடிந்துவிட்டது, இனி நீ பாடலாம்” என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஆனாலும், அவனுக்குச் சுருதி சேராது என்ற எண்ணம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. அந்த எண்ணத்தைப் போக்கியவர், ரயில் ஓடுகிறதா என்று கேட்ட அதே ஆசிரியைதான். மூன்றாம் ஆண்டுக்குத் தமிழ் கற்பிப்பவர் அவர். ஒருநாள் அவருடைய வகுப்பைக் கடந்து சென்றபோது மாணவர்கள் செய்யுளை இசையோடு பாடிக்கொண்டிருந்தார்கள். சன்னல் ஓரத்தில் அவன் அமர்ந்திருந்தான். பாடிக்கொண்டிருந்தான்! மற்றவர்களோடு சேர்ந்து, அதே சுருதியில்.

ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் அவரிடம் கேட்டேன். “டீச்சர், அவன் உங்கள் வகுப்பில் எப்போதும் பாடுவானா?”

“ஏன் பாடாமல்? நன்றாகத்தானே பாடுகிறான்” என்றார் அவர், வியப்போடு. “எனக்கு இசையெல்லாம் தெரியாது, தம்பி. நான் பாடுவேன், அவர்களும் கூடவே பாடுவார்கள். அவ்வளவுதான்.”

இசை படித்த எனக்கு முன்னால் பாடத் தெரியாத பிள்ளை, இசை படிக்காதவர் முன்னால் எப்படிப் பாடுகிறான்? விடை அவனுடைய தொண்டையில் இல்லை. என்னுடைய தொண்டையில் இருந்தது.

வளர்ந்த ஆணின் பேச்சுக்குரலில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 120 அதிர்வுகள் இருக்கும். ஒன்பது வயதுச் சிறுவனின் குரல்நாண்கள் குட்டையானவை. ஆகவே, அவன் குரலில் அதைப்போல் இரண்டு மடங்கு அதிர்வுகள் இருக்கும். அதிர்வு எண் இரண்டு மடங்கானால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். நான் என் குரலில் ஒரு பாடலைப் பாடிக் காட்டினால், பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே அதை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிப் பாடிவிடுகிறார்கள். எப்படி என்று யாரும் அவர்களுக்குக் கற்பிப்பதில்லை. சில பிள்ளைகளோ ஆசிரியர் பாடும் அதே உயரத்தை அப்படியே பிடிக்க முயல்வார்கள். அந்த இடம் அவர்கள் குரலுக்கு எட்டாது. முனகல்தான் வரும். நம் இசைக் கலைஞர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டைச் சுருதியிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதியிலும் பாடுவதற்குக் காரணமும் இதுவே. அந்த ஆசிரியையின் குரல் பிள்ளைகளின் குரலுக்கு அருகில் இருந்தது. அவனும் எளிதாகச் சேர்ந்துகொண்டான்.

அப்படியானால், அந்த வகுப்பிலேயே என்னை மிகவும் கவனமாகக் கேட்டவன் அவன்தான். நான் பாடியதை அப்படியே பாட முயன்றவனைத்தான் நான் வாயடைக்கச் செய்தேன்.

கல்விக் கழகத்தில் ஹங்கேரிய இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாயைப் பற்றிப் படித்திருந்தேன். 1882 முதல் 1967 வரை வாழ்ந்த அவர், இசை எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது என்று வாதாடியவர். கற்பித்தல் பாடுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றவர். அவருடைய வழியில் பயன்படுத்தப்படும் கைக்குறிகளை நான் கண்ணாடி முன் நின்று பலமுறை பயின்றதுண்டு. கைகளைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட நான் என் குரலைப் பற்றி எண்ணவே இல்லை.

மறுநாள் ஓய்வு நேரத்தில் அவனை இசை அறைக்கு அழைத்தேன். பாட்டு எதையும் சொல்லவில்லை. “ஆம்புலன்ஸ் எப்படிச் சத்தம் போடும்?” என்று கேட்டேன். உற்சாகமாகக் கத்திக் காட்டினான். குரல் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு ஏறியது. மேல் சுரங்களெல்லாம் அவனிடம் இருந்தன. அந்த ஓசையை இடையில் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, அதே சுரத்தைக் கீபோர்டில் தேடிப் பிடித்தேன். அதாவது, அவன் என்னிடம் வருவதற்குப் பதிலாக நான் அவனிடம் போனேன். அங்கிருந்து ஒரு சுரம் மேலே, ஒரு சுரம் கீழே என்று நகர்ந்தோம்.

பிறகு சொன்னேன், “ஆசிரியர் தினத்தில் உன்னை வாயசைக்கச் சொன்னது என் தவறு. என்னை மன்னித்துவிடு.”

அவன் சற்று நேரம் என்னைப் பார்த்தான். “பரவாயில்லைங்க ஐயா. நான் சரியாக அசைத்தேனா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

என் கருத்தை ஏற்காதவர்கள் உண்டு. எல்லாரையும் பாடவிட்டால் நிகழ்ச்சி கெட்டுவிடாதா, பள்ளியின் பெயர் என்னாகும் என்று சக ஆசிரியர்களே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். எல்லாரும் பாடினால், தேர்ந்தெடுத்த பத்துப் பேர் பாடுவதுபோல் பாட்டு துல்லியமாக இருக்காது. அதை மறைக்க வேண்டியதில்லை. மாவட்டப் போட்டிக்குப் போகும் குழுவுக்கு நல்ல குரல்களைத் தேர்ந்தெடுப்பதையும் நான் குறை சொல்லமாட்டேன். பள்ளிக் காற்பந்துக் குழுவுக்கும் அப்படித்தான் தேர்வு நடக்கிறது. ஆனால், மெதுவாக ஓடும் மாணவனை உடற்கல்வி வகுப்பில், “நீ ஓடாதே, ஓடுவதுபோல் நடி” என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. இசை வகுப்பில் மட்டும் அதைக் கூச்சமில்லாமல் சொல்கிறோம். பாட்டு என்பது பிறவியிலேயே வாய்த்த வரம் என்றும், வாய்க்காதவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்றும் நமக்குள் ஊறிப்போன எண்ணம்தான் இதற்குக் காரணம். சுரங்களின் வேறுபாட்டைப் பிறவியிலேயே உணர இயலாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்குத் தேவைப்படுவது பயிற்சியும், தம் குரலுக்கு ஏற்ற சுருதியும்.

இதில் வசதியின் கேள்வியும் இருக்கிறது. நகரத்தில், மாதக் கட்டணம் கட்டிப் பியானோ வகுப்புக்கோ கர்நாடக இசை வகுப்புக்கோ போகும் பிள்ளைக்குப் பள்ளியில் வாய்ப்புப் பறிபோனாலும் வேறிடம் உண்டு. எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்களுள் பலர் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இசை என்று முறையாகக் கிடைப்பது வாரத்திற்கு அந்த 30 நிமிடம் மட்டுமே. அதையும் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் கடன் கேட்பார்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்ட பிறகும் அந்தப் பழக்கம் முழுவதும் போகவில்லை. முதல் ஆண்டில் யார் கேட்டாலும் கொடுத்துவிடுவேன். புதியவன் மறுத்துப் பேசினால் திமிர் என்று நினைப்பார்களோ என்ற அச்சம். இப்போது கொடுப்பதில்லை. “கணிதம் முக்கியமில்லையா?” என்று கேட்கிறார்கள். முக்கியம்தான், அதற்கு வாரத்தில் பல பாடவேளைகள் இருக்கின்றன.

இப்போது ஆண்டின் முதல் வாரத்தில் நான் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் இரண்டு சுரங்களில் பாடி அழைப்பேன். அவர்கள் அதே இரண்டு சுரங்களில் “இருக்கிறேன்” என்று பாடிப் பதில் சொல்ல வேண்டும். வருகைப் பதிவும் முடிந்துவிடும். யாருடைய குரல் எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்துவிடும். கீழே தங்கிவிடும் குரல் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்றாவது இருக்கும். அந்தப் பிள்ளைகளை, தெளிவாகப் பாடும் இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் அமர வைப்பேன். நான் பாடிக் காட்டுவதைவிட அந்தப் பிள்ளையின் குரல் அவர்களுக்கு நன்றாக உதவுகிறது. பறித்து வைத்த பென்சில்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் ஆண்டில் இப்போது மேசைகள்தாம் தாளக் கருவிகள். பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அந்த மாணவன் ஒரே நாளில் மாறிவிடவில்லை. சபைகூடலில் பல வாரங்கள் உதட்டை மட்டும்தான் அசைத்தான். நான் பக்கத்தில் நின்றால் இன்னும் இறுக்கமாகிவிடுவான் என்று கண்டு, பின்வரிசைக்குத் தள்ளிப் போய் நின்றுகொள்வேன். ஆண்டிறுதிக்குச் சில வாரங்களே இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை, நெகாராகூ பாடும் நேரத்தில் அவன் கழுத்து நரம்பு அசைவதைப் பார்த்தேன். காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். மூன்றாம் ஆண்டு வரிசை முழுவதும் பாடிக்கொண்டிருந்தது. அதில் அவன் குரல் எது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.